யாரும் தொடாமலே கணினியில் வால்யூம் ஏறி இறங்குகிறது, என்ன செய்யலாம்?

மீனா_ஈசூன்:

வணக்கம். ஒரு மாதமாக என் கணினியில் வால்யூம் தானாக ஏறுகிறது, தானாக இறங்குகிறது. நானும் என் வீட்டுக்காரரும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம். இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 லேப்டாப். வரவேற்பறையில் மேசை போட்டு, லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் பெரிய மானிட்டரோடு இணைத்து, நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய தனி கீபோர்டை வைத்து வேலை செய்கிறேன். பகலில் அலுவலக வேலை, மாலையில் வாரம் மூன்று நாள் தொடக்கநிலை 6 பிள்ளைகள் ஐந்து பேருக்கு வீடியோ அழைப்பில் தமிழ் வகுப்பு. கேட்டல் கருத்தறிதலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒலிப்பதிவை என் கணினியிலிருந்துதான் போடுவேன். அங்கேதான் முதல் தொல்லை. அழைப்பு தொடங்கும் முன் போட்டுப் பார்த்தால் கணீரென்று கேட்கிறது. பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் அதே பதிவு கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடுகிறது. கூட்டிக்கொண்டே போய் 100ல் வைத்தால்தான் ஏதோ காதில் விழுகிறது. அப்புறம் வகுப்பு முடிந்து வேறு எதையாவது திறந்தால் காது கிழிகிறது.

இரண்டாவது தொல்லை இதைவிட மோசம். என் மாமனாருக்கு 81 வயது. தூக்கம் வரும்வரை அவருக்கு ஒலி 968 வானொலி சன்னமாக ஓடவேண்டும், அதனால் ராத்திரி கணினியில் அதைப் போட்டு 20ல் வைத்துவிட்டுப் படுப்போம். போன செவ்வாய் விடியற்காலை இரண்டே கால் மணிக்கு வீடே அதிர்கிற மாதிரி பாட்டு. ஓடி வந்து பார்த்தால் வால்யூம் 100. மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா காலையில் வந்து எல்லாரும் நலம்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இன்னும் இரண்டு ராத்திரி அப்படி ஆகிவிட்டது. மேசைப் பக்கம் யாரும் போகவில்லை, எங்கள் வீட்டில் பூனை நாய் எதுவும் இல்லை.

ஆடியோ டிரைவரை நீக்கி மறுபடி போட்டாயிற்று. வைரஸ் சோதனையும் செய்தாயிற்று. ஒரு பழுதுபார்க்கும் கடையில் கேட்டதற்கு மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்றார்கள். லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னதால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு வேறு நெருங்குகிறது.

சத்யா_பாத்தோக்:

அக்கா, மானிட்டர் எச்டிஎம்ஐயில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு ஒலிக் கருவிக்கும் தனித்தனியாக வால்யூமை நினைவில் வைத்திருக்கும். லேப்டாப் ஸ்பீக்கரை 20ல் வைத்திருப்பீர்கள், மானிட்டர் ஸ்பீக்கர் எப்போதோ 100ல் விட்டது அப்படியே கிடக்கும். மானிட்டர் தூங்கி எழும்போது சில சமயம் ஒலி இதிலிருந்து அதற்குத் தாவிவிடும், பார்க்கிறவர்களுக்கு வால்யூம் தானாக மாறியது போலத் தெரியும். எனக்கு ஆறு மாதம் முன்னால் இதுதான் ஆனது. கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, எந்தக் கருவியில் ஒலி ஓடுகிறது என்று பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

குமரன்_உட்லண்ட்ஸ்:

சத்யா சொன்ன கருவி விஷயம் சரி, அதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதை இப்போதைக்குத் தொடாதீர்கள் அக்கா. அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன், வால்யூம் தானாக மாறுகிறது என்று வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: மாறும்போது வால்யூம் எண் நின்ற இடத்திலேயே நிற்க சத்தம் மட்டும் மாறுகிறதா, இல்லை அந்த எண்ணே மாறுகிறதா? இரண்டும் வெளியில் ஒரே நோய் மாதிரி தெரியும், உள்ளே வேறு வேறு. நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. ஒரே காரணத்தைத் தேடியதால்தான் ஒரு மாதம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

வகுப்பில் நடப்பது முதல் வகை. பதிவு சன்னமானபோது எண் குறைந்ததாக நீங்கள் எழுதவில்லை, நீங்களாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள். விண்டோஸ் 7 வந்த காலத்திலிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு. கணினியில் பேச்சு அழைப்பு தொடங்கினால், பேசுகிறவர் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று மற்ற ஒலிகளை 80 சதவீதம் அதுவே அமுக்கிவிடும். நாம் எதையும் மாற்றாவிட்டால் இருப்பது இந்த 80 சதவீதம்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் அது நல்லதுதான். உங்களுக்கு அந்தப் பதிவுதானே பாடம், அதைப் போய் அமுக்கினால் எப்படி? நீங்கள் ஈடுகட்ட 100க்குக் கொண்டுபோகிறீர்கள், அழைப்பு முடிந்ததும் விண்டோஸ் கையை எடுத்துவிடுகிறது, எண்ணோ 100லேயே நிற்கிறது. காது கிழிவதற்குக் காரணம் அதுதான்.

மாற்றுவதற்கு, செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதில் சவுண்ட் போங்கள், பக்கத்தின் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதைத் தொட்டால் பழைய பாணியில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், மேலே கடைசியாக கம்யூனிகேஷன்ஸ். அதில் நான்கு தெரிவுகள் இருக்கும், முழுக்க அடக்கு, 80 குறை, 50 குறை, கடைசியில் டூ நத்திங். கடைசியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அழைப்பிலிருந்து வெளியே வந்து மறுபடி சேருங்கள்.

ராத்திரி நடப்பது இரண்டாவது வகை, அங்கே எண்ணே 20லிருந்து 100க்கு ஏறியிருக்கிறது. யாரோ அல்லது எதுவோ ஏற்றியிருக்கவேண்டும். பகலில் எப்போதாவது உங்கள் கண் முன்னால் ஏறியதா? ஏறியபோது திரையின் கீழே நடுவில் வால்யூம் பட்டை எழுந்ததா? எண் 22, 24, 26 என்று இரண்டிரண்டாகப் போனதா? விசையை ஒரு தடவை அழுத்தினால் விண்டோஸில் 2 நகரும். பட்டையும் எழுந்து இரண்டிரண்டாக ஏறினால் ஏதோ ஒரு விசையிலிருந்து கட்டளை வந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம், டிரைவருக்கும் மதர்போர்டுக்கும் சம்பந்தமில்லை. இன்று ராத்திரி அந்தத் தனி கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டு ரேடியோவை ஓடவிடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி பாருங்கள், அதுவரை 480 வெள்ளியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வேறு யாராவது இதைப் படித்தால்: எண் மாறவில்லை, அழைப்பிலும் இல்லை, ஆனாலும் சத்தம் ஏறி இறங்குகிறது என்றால், ஸ்பீக்கருக்கான ஒலி மேம்பாட்டு அமைப்புகளை அணைத்துப் பாருங்கள். லவுட்னஸ் ஈக்குவலைசேஷன் என்று ஒன்று இருக்கும், மெல்லிய ஒலியைத் தூக்கி உரத்த ஒலியை அமுக்கும். யூடியூபில் மட்டும் நடக்கிறது என்றால் அங்கேயே ஸ்டேபிள் வால்யூம் என்று ஒரு தெரிவு உண்டு, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

மீனா_ஈசூன்:

குமரன் தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. டூ நத்திங் வைத்துவிட்டு நேற்று வகுப்பு எடுத்தேன். எண் 36லேயே நின்றது, பதிவு ஒரே சீராகக் கேட்டது. ஒரு பிள்ளை, மூன்று வாரமாகக் காதில் விழவில்லை டீச்சர் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், நேற்று ஏழு கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள். அவள் கவனிக்கவில்லை என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டேன். இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, நேற்றே அவளிடம் சொல்லிவிட்டேன்.

கீபோர்டையும் கழற்றி வைத்தேன். மூன்று ராத்திரி ரேடியோ 20லேயே ஓடியது. நான்காம் நாள் காலையில் மறுபடி இணைத்து, வேலை பார்த்துக்கொண்டே கண்ணை அங்கேயே வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு மேல் பட்டை தானாக எழுந்தது, 20, 22, 24 என்று நீங்கள் சொன்ன மாதிரியே ஏறியது. கை இரண்டும் என் மடியில் இருந்தன. கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அந்தக் கீபோர்டின் வலது மேல் மூலையில் வால்யூமுக்கு என்று திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது, அதை இலேசாகத் தொட்டதும் நின்றுவிட்டது. சில நாளாகக் கூட்டத் திருகினால் குறைகிறது என்றும் கவனித்திருக்கிறேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது பழுதுபார்க்கக்கூடியதா?

ரேடியோ_தாத்தா_தோபாயோ:

மீனாம்மா, கூட்டத் திருகினால் குறைகிறது என்று எழுதினீர்களே, அதுவே போதும், அந்தக் குமிழ்தான். எனக்கு 72 வயது, ரேடியோவும் கேசட் டெக்கும் பழுதுபார்த்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். சுங்கை ரோடு சந்தை 2017ல் மூடும்வரை பழைய பாகங்களை அங்கேதான் தேடுவேன்.

பழைய ரேடியோவில் குமிழுக்கு அடியில் கரிப்பட்டை ஒன்று இருக்கும், அதன்மேல் ஒரு முனை வழுக்கிப் போகும், தூசி சேர்ந்தால் கரகரவென்று சத்தம் வரும். உங்கள் கீபோர்டில் இருப்பது அது இல்லை. அது முடிவில்லாமல் சுற்றும், கையில் டக் டக்கென்று பல் பல்லாக உணர்வீர்கள். உள்ளே இரண்டு தொடுமுனைகள். நீங்கள் ஒரு பல் திருகும்போது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு விடும், எது முந்தியது என்பதை வைத்துத்தான் ஏற்றமா இறக்கமா என்று உள்ளே இருக்கும் சிப் தெரிந்துகொள்கிறது. இப்போது ஒரு முனையில் அழுக்கு சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். குமிழ் பல்லில் சரியாக உட்காராமல் விளிம்பில் நின்றால் அந்த முனை தொட்டும் தொடாமலும் துடித்துக்கொண்டே இருக்கும். சில கீபோர்டுகளில் முதல் முனை ஒரு தடவை துடித்தாலே ஒரு படி என்று எண்ணிவிடுவார்கள். இரண்டாவது முனை அசையாமல் நிற்பதால் திசை மாறாது, எண் ஒரே பக்கமாக 100 வரை ஏறிக்கொண்டே போகும். யாரும் தொட வேண்டியதில்லை, மேலே ஓடுகிற மின்விசிறியின் அதிர்வு போதும். நம் ஊர் ஈரக்காற்றில் இது சீக்கிரம் வரும், ஆனாலும் நான்கு மாதத்தில் வருவது ரொம்பச் சீக்கிரம். மேசை எங்கே போட்டிருக்கிறீர்கள்? சமையலறைப் பக்கமா?

சுத்தம் செய்வது எளிதுதான். கீபோர்டைக் கணினியிலிருந்து கழற்றுங்கள். குமிழின் மூடியை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும், பக்கவாட்டில் நெம்பாதீர்கள், தண்டு வளைந்துவிடும். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி ஓர் உலோகக் கழுத்து தெரியும். அந்தத் தண்டும் கழுத்தும் சேருகிற இடைவெளியில் கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்கிற திரவம்) ஒரே ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. உடனே மூடியை மாட்டி இரண்டு பக்கமும் முப்பது நாற்பது தடவை திருகுங்கள், உள்ளே இருக்கும் அழுக்கை அந்தத் திருகல்தான் தேய்த்து எடுக்கும். அரை நாள் காய விடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் எடுத்துவிடாதீர்கள், முதல் நாள் வேலை செய்யும், அடுத்த மாதம் தூசியைப் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். சரியான கிளீனர் சிம் லிம் டவரில் மின்பாகக் கடைகளில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசார் பக்கம் இருக்கிற டவர், நிறையப் பேர் மாறிப் போய்விடுகிறார்கள்.

சத்யா_பாத்தோக்:

கொஞ்சம் பொறுங்கள் அக்கா, திறக்கும் முன் ஒரு விஷயம். நான்கு மாதம்தானே ஆகிறது? சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்றபோதே இருந்த பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரச் சொல்லலாம் அல்லது மாற்றித் தரச் சொல்லலாம், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். ஆனால் நாமே கெடுத்த பழுதுக்கு அது பொருந்தாது. ரசீதும் நீங்கள் எடுத்த படமும் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு கடையில் பேசிப் பாருங்கள். திறந்துவிட்டால் பேச்சு சிக்கலாகிவிடும்.

அப்புறம், விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னது என் அவசரம். மன்னியுங்கள்.

மீனா_ஈசூன்:

ஐயா, மேசை எங்கே என்று நீங்கள் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, வரவேற்பறையில் மேசை போட வேறு இடம் இல்லாமல் சாமி அலமாரிக்கு நேர் கீழே போட்டிருக்கிறோம். மாமா காலையும் மாலையும் அங்கே நின்றுதான் விளக்கேற்றி ஊதுவத்தி வைத்து விபூதி எடுத்துப் பூசிக்கொள்வார். அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கும்.

நீங்கள் சொன்ன மாதிரி மூடியை நேராக மேலே இழுத்தேன். உள்ளே தண்டைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாக ஒரு வளையம், வட்டமாகக் கோலம் போட்டது போல. விரலால் தொட்டால் பொடியாக உதிரவில்லை, எண்ணெய்ப் புகையில் ஊறிப் பசை மாதிரி ஒட்டியது, ஊதுவத்தி வாசம் வந்தது. குமிழில்தான் இத்தனை, அதன் கீழே இருந்த மற்ற விசைகளுக்கு இடையிலும் மெல்லிசாக ஒரு படலம்.

சத்யா தம்பி, லெமன் சட்டம் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வளையத்தைப் பார்த்த பிறகு கடைக்காரரிடம் போய் நீங்கள் விற்றதே பழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நல்லதைத்தான் விற்றார், விபூதி எங்கள் வீட்டில் விழுந்தது. அதனால் நானே சுத்தம் செய்வது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் சனிக்கிழமை தேக்காவுக்கு மளிகை வாங்கப் போனபோது அப்படியே நடந்துபோய் டவரில் கிளீனர் வாங்கி வந்தார். முதலில் காய்ந்த தூரிகையால் வளையத்தைத் தள்ளி எடுத்தேன், அப்புறம் ஒரு சொட்டு, நாற்பது தடவை திருகல். முதல் பத்துத் திருகலில் தண்டோரம் சாம்பல் நிறத்தில் கசிந்து வந்தது, துணியால் ஒற்றி எடுத்தேன். மறுபடி ஒரு சொட்டு. அதற்கப்புறம் தெளிவாக வந்தது.

ரெட்டைச்சுழி_செங்காங்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், இதோடு ஒட்டிய என் கேள்வி. எனக்கு எண்ணும் மாறவில்லை, குமிழும் கிடையாது. புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, அலுவலக அழைப்பில் சேர்ந்த உடனே எல்லாம் பழைய தொலைபேசி மாதிரி தட்டையாகி வால்யூமும் மாறிவிடுகிறது. டூ நத்திங் வைத்தும் தீரவில்லை.

குமரன்_உட்லண்ட்ஸ்:

உங்களுடையது வேறு. புளூடூத் ஹெட்செட் பெரும்பாலும் இரண்டு விதமாக இயங்கும், கேட்பதற்கு மட்டும் என்றால் தரமான ஸ்டீரியோ, மைக்கும் சேர்ந்து ஓடவேண்டும் என்றால் பேச்சுக்கு மட்டுமான குறைந்த தரம். அழைப்புச் செயலி ஹெட்செட்டின் மைக்கை எடுத்த நொடியே இரண்டாவதுக்கு மாறிவிடும். இரண்டுக்கும் வால்யூம் தனித்தனி, அதனால்தான் அளவும் மாறுகிறது. அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பில் மைக்குக்கு ஹெட்செட்டை எடுத்துவிட்டு லேப்டாப்பின் மைக்கைக் கொடுங்கள், ஸ்பீக்கராக ஹெட்செட்டே இருக்கட்டும். செங்காங்கில் வீட்டுக்கு வெளியே கட்டுமான வேலை ஏதும் நடந்துகொண்டிருந்தால் லேப்டாப் மைக் அதையும் பிடிக்கும், அந்தச் சமயத்தில் கம்பி ஹெட்செட்தான் நல்லது.

மீனா அக்கா, குமிழ் எப்படி இருக்கிறது?

மீனா_ஈசூன்:

இன்றோடு ஒன்பது நாள். கூட்டினால் கூடுகிறது, குறைத்தால் குறைகிறது. ராத்திரி 20ல் வைத்தால் காலையில் 20. மாமாவுக்கு என்ன நடந்தது என்று காட்டினேன், குமிழைத் திருகிக்கூடப் பார்த்தார், அன்றிலிருந்து விபூதித் தட்டை அலமாரியின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்துக்கொண்டார். நானும் வேலை முடிந்ததும் கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுகிறேன்.

பிள்ளைகள் இப்போது வேறு ஒன்று சொல்கிறார்கள், நான் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி பேசினால் முதல் இரண்டு வார்த்தை சன்னமாகக் கேட்கிறதாம். ஸ்பீக்கர் இல்லை, என் மைக்.

குமரன்_உட்லண்ட்ஸ்:

அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பில் மைக்கின் அளவைத் தானாகச் சரிசெய்யும் தெரிவு ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட்டு, நீங்கள் வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசிப் பார்த்து மைக் அளவைக் கையால் ஓரிடத்தில் வையுங்கள். பின்னணி இரைச்சலை நீக்கும் தெரிவு உச்சத்தில் இருந்தால் அதையும் ஒரு படி இறக்குங்கள், வாக்கியத்தின் தொடக்கத்தை அதுவும் விழுங்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள், ஒன்றை மாற்றி ஒரு வகுப்பு பார்த்துவிட்டு அடுத்தது.

மீனா_ஈசூன்:

சரி தம்பி, வியாழன் வகுப்பில் முதலாவதை மாற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.